ஐந்தாவது தொட்டி

ஊசி ஏறியபோது பிள்ளை அழவில்லை.

நர்சம்மா ஊசியை உருவிவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தாள். பிள்ளைகள் முதலில் வாயைத் திறந்து, மூச்சை அடக்கி, முகமெல்லாம் சிவந்த பிறகுதான் வீறிடும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. இருபத்து மூன்று நாள் பெண்பிள்ளை, ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் விழுந்த சித்திரை வெயிலைப் பார்த்துக்கொண்டு சோணையம்மாளின் மடியில் அப்படியே கிடந்தது.

"அழவே மாட்டா நர்சம்மா. பொறந்து நாலஞ்சு நாள் கத்துனா, அதோட சரி. தங்கமான பிள்ள," என்றாள் சோணையம்மாள்.

நிலைப்படியில் சாய்ந்து நின்ற அவள் புருசன் சிவனாண்டிக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு ஒரே மகள் செல்லக்கிளி வந்து, சுகமாகப் பெற்றெடுத்து, பேத்தி யார் தூக்கத்தையும் கெடுக்காமல் வளர்வதைத் தெருவே சொல்லிக்கொண்டிருந்தது.

நர்சம்மா பிள்ளையின் உள்ளங்காலை நகத்தால் கீறினாள். கால் அசையவில்லை. மறுபடியும் கீறினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த செல்லக்கிளியிடம், "நீ காலை நீட்டும்மா," என்றாள்.

இடது குதிகாலில் ஒரு கருவமுள் கொண்டை வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் தோல் கறுத்து இறுகிப்போயிருந்தது.

"இது எப்ப ஏறுச்சு?"

"எது?" என்றாள் செல்லக்கிளி.

நர்சம்மா இடுக்கியால் பிடித்து இழுத்தாள். முள் ஒரு விரற்கடை நீளம் இருந்தது. யாரோ ஒருத்தியின் காலில் நடப்பதைப் பார்ப்பது போலச் செல்லக்கிளி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறகுலருந்து விழுந்திருக்கும்," என்றாள் சோணையம்மாள்.

வாசலுக்கு வந்ததும் நர்சம்மா குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நீங்க பிளான் பாஸ் பண்ற ஆபீஸ்லதான இருக்கீங்க?"

"ரெக்கார்டு ரூம்ல."

"அப்ப, வீடு கட்டுறதுக்கு முன்னாடி இந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு எடுத்துப் பாருங்க. தண்ணியா தரையான்னு தெரியல, ஏதோ ஒண்ணு ஒடம்புல ஏறுது. தாயையும் பிள்ளையையும் இன்னைக்கே வெளிய கொண்டு போயிருங்க. பெரியாஸ்பத்திரியில காட்டுங்க."

உள்ளே இருந்து சோணையம்மாள் சத்தம் போட்டாள். "முப்பது கழியாம பச்ச ஒடம்புக்காரிய வெயில்ல எறக்கச் சொல்றாளா? இன்னும் ஏழே நாளு. அதுக்கப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் அவ அந்த ரூமத் தாண்ட மாட்டா."

நர்சம்மா சிவனாண்டியைப் பார்த்தாள். சிவனாண்டி தெருவைப் பார்த்தார்.

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நாளாகவே எதுவும் சட்டென்று உறைப்பதில்லை. வயசு நாற்பத்தெட்டு ஆகிறது, அதனால்தான் என்று நினைத்திருந்தார்.

அவனியாபுரத்துக்குத் தெற்கே செவக்காட்டுக் காலனியில் அந்த வீட்டை மூன்று வருசத்துக்கு முன்னால், எண்பத்தொன்றில், மலைச்சாமி என்பவரிடம் வாங்கினார்கள். வாங்கியதற்குக் காரணமே தரைதான். வெளியே தார் உருகுகிற வெயிலடித்தாலும் உள்ளே சிமென்ட் தரை குளுகுளுவென்று இருக்கும். அதிலும் பின்னறை, செல்லக்கிளிக்கு ஒதுக்கிய அறை, பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருக்கும். ஊறிப்போன சாக்கும் துருவும் கலந்த மாதிரி ஒரு வாடை மட்டும் சாயங்காலத்தில் எழும்பும். சாம்பிராணி போட்டால் அடங்கிவிடும். மகள் வருவதற்கு முன்பு வரை அவர் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கேதான் சட்டையைக் கழற்றிவிட்டு, பாய்கூட இல்லாமல், உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு தூங்குவார். அப்படிக் கிடக்கும்போது காதுக்கு அடியில், வெகு ஆழத்தில், கெட்டியான எதையோ துடுப்பால் யாரோ மெதுவாகக் கலக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். களக். கொஞ்சம் இடைவெளி. களக். தன் ரத்த ஓட்டம்தான் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவார்.

ஆபீசுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. ரெக்கார்டு ரூமில் பாச்சா உருண்டை வாடையும் கரையான் மண் வாடையும் கலந்து கிடந்தன. சர்வே நம்பரைச் சொன்னதும் அட்டெண்டர் விருமாண்டி ஏணியை இழுத்துப் போட்டார்.

"வீடு வாங்கி மூணு வருசம் கழிச்சு வில்லங்கம் பாக்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே."

"வாங்கும்போதும் பாத்தேன்யா."

"என்னத்தப் பாத்தீக?"

"கடைசிப் பக்கத்த."

விருமாண்டி சிரித்தார். சிவப்புத் துணியில் கட்டிய கட்டு ஒன்று புழுதியோடு மேசையில் விழுந்தது.

மேலே இருந்தது எழுபத்தைந்தாம் வருசத்து வீட்டு பிளான். அதன் கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருந்தது. "மனை நேரில் பார்வையிடப்பட்டது. மனையில் கிணறோ, குழியோ, பள்ளமோ இல்லை. அனுமதி அளிக்கலாம்." வரி சிவனாண்டியின் கையெழுத்தில் இருந்தது. கீழே மட்டும் ஓவர்சியர் கையெழுத்து.

ஆபீசில் அது வழக்கம். ஓவர்சியர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். வந்ததும் காத்திருக்கிற அம்புட்டு பைலிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் பார்வையிட்ட குறிப்பை வியாழக்கிழமை சாயங்காலமே கிளார்க்குகள் எழுதி வைத்துவிடுவார்கள். எல்லா மனைக்கும் ஒரே வரிதான். யாரும் எந்த மனைக்கும் போனதில்லை. சிவனாண்டி அந்த வரியை ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பார். எண்பத்தொன்றில் வீடு வாங்க இந்தக் கட்டைப் பிரித்தபோது, குறிப்பு தன் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்து அவருக்குத் தெம்பாகத்தான் இருந்தது. நம்ம கை எழுதினது, வேறென்ன வேணும் என்று கட்டி வைத்துவிட்டார்.

இப்போது அதற்குக் கீழே இருந்த தாள்களைப் புரட்டினார்.

ஐம்பத்தெட்டாம் வருசம். சாயப்பட்டறை கட்ட அனுமதி. தரைக்குள் இறக்கிக் கட்டும் கல் தொட்டிகள் ஐந்து. நான்கு ஊறல் தொட்டி. ஐந்தாவது, அடியில் அடுப்பு வைத்த காய்ச்சுத் தொட்டி. ஆழம் பதினான்கு அடி.

அறுபத்தாறாம் வருசம். பட்டறையை மூடிய அறிக்கை. தொட்டி ஒன்று முதல் நான்கு வரை கழிவு அள்ளப்பட்டு மண் போட்டு நிரப்பப்பட்டன. தொட்டி ஐந்து, அள்ள ஆள் கிடைக்காததால், உள்ளது உள்ளபடியே கல் பாவி மூடப்பட்டது.

மெழுகுத்துணியில் வரைந்த பழைய பிளானை எடுத்து, வீட்டு பிளானின் மேல் வைத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். எல்லைக்கல்லோடு எல்லைக்கல் பொருந்தியது. முதல் நான்கு கட்டங்களும் தோட்டத்துப் பக்கம் விழுந்தன. ஐந்தாவது பின்னறையில் விழுந்தது. நான்கு சுவருக்குள்ளும் கச்சிதமாக, அறைக்கென்றே அளந்து வைத்தது போல.

"என்னண்ணே, வேர்க்குது ஒங்களுக்கு?" என்றார் விருமாண்டி.

கட்டின் அடியில் இன்னும் ஒரு தாள் இருந்தது. மனு. யாரோ எழுதிக் கொடுத்து, கீழே கைநாட்டு வைத்திருந்தது.

"அய்யா அவர்களுக்கு, முனியாயி எழுதிக்கொள்வது. என் புருசன் சுடலை பட்டறையில் ஐந்தாம் தொட்டியில் சாயம் கலக்குகிற வேலை. ரெண்டு வருசமாகவே கை காலில் சுரணை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன செவ்வாய்க்கிழமை உள்ளே விழுந்த துணியை எடுக்கத் தொட்டிக்குள் இறங்கினவர், சாயம் கொதிக்கிறது தெரியாமல் நின்று கலக்கிக்கொண்டிருந்தாராம். மேலே இருந்தவர்கள் கூப்பிட்டதற்கு, இன்னும் சூடு ஏறவில்லை என்று சொல்லிச் சிரித்தாராம். அப்புறம் உள்ளே போய்விட்டார். இன்னும் எடுத்துத் தரவில்லை. தொட்டியை மூடப் போவதாகச் சொல்கிறார்கள். மூடுவதற்கு முன்னால் எடுத்துத் தர வேண்டுகிறேன்."

மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. "நேரில் பார்வையிடப்பட்டது. தொட்டியில் ஆட்சேபகரமாக ஒன்றும் இல்லை. மூடலாம்."

அது சிவனாண்டியின் கையெழுத்து இல்லை. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ. வரி மட்டும் ஒன்றாகவே இருந்தது.

"நா வீட்டுக்குப் போறேன்," என்றார்.

"கிளப்புக் கடையில சாப்பாடு தீந்துரும், சாப்ட்டுப் போங்கண்ணே."

"பசிக்கல."

பசி மட்டுமல்ல, எதுவும் தெரியவில்லை. சைக்கிளை மிதித்து ரொம்ப தூரம் வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்பதைப் பார்த்தார். எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பெடல் கட்டையின் ஆணி பெருவிரலைக் கிழித்து, ரத்தம் வழிந்து, காய்ந்தும் போயிருந்தது. வழியெல்லாம் அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். முப்பது கழியுதோ கழியலையோ, மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து, திருமங்கலத்தில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். சோணையம்மாள் கத்தட்டும். கத்தினால் நல்லது. வீட்டில் யாராவது கத்தினால் நல்லது.

எங்கெங்கே வழி தப்பிச் சுற்றினாரோ, தெருமுனைக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. பிள்ளையை ரெண்டாம் தரம் குளிப்பாட்டுகிற நேரம்.

கதவு சாத்தியிருக்கவில்லை.

முன்னறைத் தரையில் கால் வைத்தார். எப்போதும் இருக்கிற குளிர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. ஆனால் தரையில் எப்போதும் பூத்திருக்கும் ஈரம் இல்லை. காய்ந்து வெளுத்துக் கிடந்தது. சுவரோரம் ஊர்ந்துபோன எறும்பு வரிசை ஒன்று, போன இடத்திலேயே சுருண்டு கருகிக் கிடந்தது.

பின்னறையிலிருந்து வேப்பிலை வெந்த வாடை வந்தது. அதற்கு அடியில் ஊறின சாக்கு வாடை, துரு வாடை.

களக்.

படுத்துக் காதை வைக்காமலேயே கேட்டது.

களக்.

"சோணை."

"இங்கதான் இருக்கோம். வாங்க."

அறை முழுக்க ஆவி. மூலையில் தண்ணீர் போகிற அங்கணத்தை ஒட்டி, வெறும் தரையில், இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள் சோணையம்மாள். நீட்டிய கால்களின் மேல் பிள்ளை மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் அலுமினியக் குண்டான். அதற்கு அந்தப் பக்கம் செல்லக்கிளி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் செம்பு.

குண்டானுக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அடுப்புலருந்து எறக்கி எம்புட்டு நேரமாச்சு?" என்று கேட்டார். குரல் யாருடையதோ போல வந்தது.

"ஒரு மணி நேரம் இருக்கும்ப்பா. ஆறிப்போச்சு," என்றாள் செல்லக்கிளி.

தரையில் வைத்த குண்டான். அடியில் விறகு இல்லை. தணல் இல்லை. வேப்பிலை மேலும் கீழுமாகப் புரண்டது.

சோணையம்மாள் மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். பதம் பார்க்க எல்லாரும் செய்கிற மாதிரிதான். அவள் கை நிறம் மாறியிருந்தது. தோல், நனைந்த காகிதம் போல, விரல் நுனிகளில் தொங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னும் சூடு ஏறலீங்க."

களக்.

"ஊத்தாத," என்றார். பாய்ந்துபோய்க் குண்டானின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றினார். பற்றிக்கொண்டு சூட்டுக்காகக் காத்திருந்தார். இப்போது வரும். இப்போது கத்துவேன். கத்தினால் இவர்களுக்குப் புரிந்துவிடும்.

விரல்கள் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு வெளுத்தன. கொப்புளம் எழும்பி, உடைந்து, நீர் வழிந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரவில்லை.

"பச்சத் தண்ணிதானப்பா?" என்றாள் செல்லக்கிளி. அவள் கையிலிருந்த செம்பு காலியாக இருந்தது.

அவர் பிள்ளையைப் பார்த்தார்.

பிள்ளை ஏற்கெனவே நனைந்திருந்தது. தலை முதல் கால் வரை. அதன் மேலிருந்து ஆவி நூல்நூலாக எழும்பிக்கொண்டிருந்தது.

கண் திறந்திருந்தது. சுவரில் ஏறிக்கொண்டிருந்த கடைசி வெயிலைப் பார்த்துக்கொண்டு, அழாமல் கிடந்தது.