பாறையைத் தூக்கிய மூங்கில்

தேடிவந்த ஆட்கள் அருவிக்கரையோடு நின்றுவிட்டார்கள். மேலே கரடி நடமாட்டம், மழையும் கட்டிக்கொண்டு நிற்கிறது, நாளைக்கு வனக்காவலர்களோடு வரலாம் என்றார்கள். பிரம்மசக்தி நாளைவரை காத்திருக்கவில்லை. கயிறு, டார்ச், தண்ணீர் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு தனியாக ஏறத் தொடங்கினாள். காணாமல் போயிருப்பது அவள் அண்ணன் மாசானமுத்து. அப்பா அம்மாவுக்குப் பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

ஊர்க் கோயிலின் ஐம்பொன் சிலையைப் பழைய சண்டைக் காலத்தில் மலைக் குகையில் ஒளித்துவைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிக் கிளம்பியவன் திரும்பவில்லை.

வழியெல்லாம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எதிரொலிதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் தன் குரலே பயமாக இருக்க, நிறுத்திக்கொண்டாள். அதன்பிறகு அவள் மூச்சுச் சத்தம்தான் துணை.

ஓடைக்கு மேலே புதர் ஒடிந்து கிடந்தது. அதன் பின்னால் குகை. டார்ச் அடித்தாள். மாசானமுத்து மல்லாந்து கிடந்தான். சரிந்த பாறைப் பலகையொன்று அவன் வலது காலை அமுக்கியிருந்தது. அதற்கு அப்பால், மண்ணில் பாதி புதைந்து, சிலை.

"ஏட்டி, ஒத்தையிலயா வந்த?" என்றான். குரலே எழும்பவில்லை.

வாயில் தண்ணீர் ஊற்றினாள். பாறையைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. வெளியே விழுந்து கிடந்த கல்மூங்கில் ஒன்றை இழுத்து வந்து பாறைக்கடியில் நுழைத்தாள். மூங்கிலின் நடுவில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து மறுமுனையைப் பலங்கொண்ட மட்டும் அமுக்கினாள். ஊஹும். முட்டுக்கல்லைப் பாறையின் பக்கமாக நகர்த்தினாள். இப்போது அவள் பக்கம் மூங்கில் நீளம். முனையில் தொங்கினாள். பாறை ஒரு விரற்கடை எழும்பியது!

காலை இழுத்துக்கொள்ளச் சொன்னாள். அவனால் முடியவில்லை, உடம்பில் தெம்பில்லை. அவள் கையை எடுத்தால் பாறை மறுபடி இறங்கும். அமுக்க ஒரு ஆள், இழுக்க ஒரு ஆள் வேண்டும். இருந்ததோ அவள் ஒருத்தி.

மெல்ல இறக்கிவிட்டு, உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு பையைக் காலிசெய்து மூங்கில் முனையில் கட்டித் தொங்கவிட்டாள். ஓடைக்கும் குகைக்குமாக நடந்து கல் சுமந்துவந்து போட்டாள். முனை உயரத்தில் இருந்ததால் பை வழுக்கி முட்டுக்கல்லை நோக்கி வந்தது. வந்ததும் அதன் பாரம் பலிக்கவில்லை. முனைக் கணுவில் கயிற்றை இறுக்கிக் கட்டி மறுபடி கல் போட்டாள்.

மூங்கில் நடுங்கியது. பாறையும் பையும் ஒன்றையொன்று சரிக்கட்டி நின்றன. இன்னொரு கல்லை வைத்தாள். பை இறங்க, பாறை எழும்பியது. ஓடிப்போய் அண்ணனின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். கால் வெளியே வந்தது. அவன் அலறினான். காலில் உயிர் இருக்கிறது என்று தெரிய அவளுக்கு அந்த அலறலே போதுமாக இருந்தது.

அவன் சிலையைக் காட்டினான்.

"அது இத்தன காலம் தனியா கெடந்துருக்கு, இன்னும் ரெண்டு நாள் கெடக்கும்" என்றாள். "ஒன்னைய விட்டுட்டுப் போவ முடியாது."

அவனைத் தோளில் சாய்த்து, மழையில் நனைந்தபடி இறங்கினாள். அருவிக்கரையில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள்.

பிறகு ஊரே திரண்டுபோய் மேளத்தோடு சிலையைக் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய பாறையை ஒற்றை ஆளாக எப்படித் தூக்கினாய் என்று பூசாரி கேட்டார்.

"நான் எங்க தூக்கினேன் அண்ணாச்சி? மூங்கில்தான் தூக்குச்சு. நான் முட்டுக்கல்ல விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னேன், அவ்வளவுதான்" என்றாள் பிரம்மசக்தி.