சஷ்டிகாவுக்கு வந்த விடுப்பு

காலையில் வந்ததும் நிறைமதி முதலில் பார்ப்பது பணியாளர்களின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பேண்டைத்தான். பச்சை எரிந்தால் உள்ளே விடலாம். சிவப்பு எரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது காபி கொடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று இன்னொன்றும் இருந்தது. தாராபுரம் சாலையிலிருந்த அந்தக் கால்நடை மருத்துவமனைக்கு மேலாளராக வந்ததிலிருந்து அவள் இரண்டையும் கடைப்பிடித்து வந்தாள். காபி போட்டு வைப்பாள்; யாரையும் குடிக்கச் சொல்ல மாட்டாள்.

அன்று மருத்துவருக்குச் சிவப்பு. முந்தின நாள் ஒரு காங்கேயம் காளைக்குக் கருணை ஊசி போட வேண்டியிருந்தது. உதவியாளர்களில் இருவருக்கும் அதே காளையால் சிவப்பு. வரவேற்பில் இருக்கும் பையன் மட்டும் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டான்.

“மேடம், எனக்கும் செவப்புங்க.”

“நீ முன்னாடி டெஸ்க்லதானப்பா இருந்தே. காளைகிட்டயே போகலையே.”

“காளை இல்லீங்க. சாயங்காலம் ஒரு அம்மா போன் பண்ணி, கிளி செத்துப்போச்சுன்னு அழுதாங்க.”

“அது நம்ம கிளியே இல்லையே. அவங்க வேற ஆஸ்பத்திரிக்கு அடிக்க வேண்டிய போனை இங்க அடிச்சிட்டாங்க.”

“பேண்டுக்கு அது தெரியலீங்களே மேடம்.”

அவள் விடுப்பைப் பதிவு செய்தாள். விலங்குத் துயர் விடுப்பு என்பது ஒன்றிய அரசின் சட்டம். ஒரு விலங்கின் சாவில் உடனிருந்தவரின் துயரம் குறித்த கோட்டைத் தாண்டினால், பேண்டிலுள்ள துயர்மானி சிவப்பைக் காட்டும். அதன்பின் விடுப்பு முடியும்வரை அவர் எந்த விலங்கையும் தொடக் கூடாது. மீறினால் மருத்துவமனையின் உரிமம் போய்விடும். மாநிலச் சட்டமோ வேறொன்றைச் சொன்னது: மனிதக் கை படாமல் எந்த விலங்கும் சாகக் கூடாது. ஊசியைப் போடுவது இயந்திரக் கைதான் என்றாலும், பக்கத்தில் ஒரு ஆள் விலங்கைப் பிடித்திருக்க வேண்டும். ஒன்றியம் மனிதர்மேல் இரக்கப்பட்டது, மாநிலம் விலங்குமேல் இரக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே அட்டவணை போடும் வேலை நிறைமதியுடையது.

அந்த அட்டவணை ஓடியதே சஷ்டிகாவால்தான். ஐம்பது வயதைக் கடந்த அந்த உதவியாளரின் பேண்ட் ஒருநாளும் சிவந்ததில்லை. ஆகவே சாவுகள் பெரும்பாலும் அவளிடமே போயின. முந்தின நாள் மட்டும் காளையைப் பிடிக்க ஒருத்தி போதாமல் மற்றவர்களையும் கூப்பிட வேண்டியதாயிற்று. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைக் கல்லு என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். “கல்லு வந்திருச்சு, கதவத் தொறங்கப்பா” என்று அவளே சொல்லிக்கொண்டு உள்ளே வருவாள்.

பத்து மணிவாக்கில், துயர்மானிகளைச் சரிபார்க்கும் அளவாய்வர் தாவூத் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். சட்டத்துக்குப் புதிய திருத்தம் வந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒவ்வொருவருக்கும் எடுத்த அடிநிலையை, அதாவது சாதாரணமாக அவர் மனம் இருக்கும் மட்டத்தை, மறுபடி எடுக்க வேண்டும். கோடு எங்கே என்பதை அந்த அடிநிலையை வைத்துத்தான் கருவி முடிவு செய்கிறது. நிறைமதியைத் தவிர அன்று பச்சையாக இருந்தது சஷ்டிகா ஒருத்தி என்பதால் முதலில் அவளையே உட்கார வைத்தார்கள். முன்கூடத்தில் ஒரு பெண் கிழட்டு நாயோடு காத்திருந்தாள். அதற்கும் கருணை ஊசிதான். சஷ்டிகா வந்து பிடிக்க வேண்டும்.

சஷ்டிகாவின் பிடரியில் ஒட்டிய அளவு வில்லையைத் தாவூத் எடுத்துத் துடைத்து மீண்டும் ஒட்டினார். திரையைத் தட்டிப் பார்த்தார்.

“இந்த வேலைல அடிநிலை ஏறித்தான் பார்த்திருக்கேன். உங்களுக்குப் பாதிக்குக் கீழ இறங்கியிருக்கும்மா. சேர்ந்த அன்னைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. என்ற பையனுக்குக் காரியம் முடிஞ்ச அடுத்த நாளு அது. வூட்ல இருக்க முடியல. இங்க ஆள் வேணும்னு போர்டு தொங்குச்சு. வந்துட்டேன்.”

தாவூத் பேனாவைக் கீழே வைத்தார். சஷ்டிகாவின் மகன் இறந்துபோனது நிறைமதிக்குத் தெரியும். எப்போது என்று அவள் கேட்டதில்லை.

“அப்ப இவங்க பேண்ட் தப்பா சார்?”

“பேண்ட் சரிதான் மேடம். அன்னைக்கு இவங்க மனசு எங்க இருந்துச்சோ, அதையே சாதாரணம்னு எடுத்துக்கிச்சு. அதுக்கு மேல எந்த மாட்டுச் சாவும் ஏறல.”

சஷ்டிகா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப நானு கல்லு இல்லீங்களா?”

“இல்லம்மா.”

“ஒரு சீமை நாயி வந்துச்சுங்க, கண்ணு தெரியாதது. அது போன அன்னிக்குச் சோறு எறங்கல. பேண்டப் பாத்தேன், பச்சையா இருந்துச்சு. செரி, வாயுவா இருக்கும்னு இஞ்சி தட்டிக் குடிச்சேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “அப்படி நெறைய இஞ்சி குடிச்சிருக்கேனுங்க.”

தாவூத்தின் கருவி அதற்குள் பழைய சாவுகளைப் புதிய கோட்டோடு ஒப்பிட்டு முடித்திருந்தது. அவள் எடுத்திருக்க வேண்டிய விடுப்பையெல்லாம் கூட்டினால் ஓய்வு வயதையும் தாண்டிப் போனது. சட்டப்படி அதை ஒரே நீட்டாக, அன்றிலிருந்தே கொடுத்தாக வேண்டும்.

“சம்பளம் வந்துக்கிட்டே இருக்கும்மா. விலங்கு எதையும் தொடக் கூடாது, இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது. அவ்வளவுதான்.”

“வூட்டுக்குப் போயி என்னங்க பண்றது?”

“ஓய்வெடுக்கணும்.”

“அங்கிருந்துதானுங்க ஓடியாந்தேன்,” என்றாள் சஷ்டிகா. பிறகு நிறைமதியைப் பார்த்தாள். “அம்மிணி, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்.”

வேறு வழி உண்டா என்று நிறைமதி கேட்டாள். ஒன்று இருந்தது. பணியாளரே மறுப்புரை கொடுக்கலாம். கருவி ஒவ்வொரு சாவாகச் சொல்லிக் கேட்கும். எதிலும் துயரம் இருக்கவில்லை என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பழைய அடிநிலையே தொடரும், வேலையும் தொடரும்.

“ஒரு இடத்துல ஆம்னு வந்தாலும் மொத்தமும் செல்லாது,” என்றார் தாவூத்.

“அக்கா, எல்லாத்துக்கும் இல்லைன்னு மட்டும் சொல்லிருங்க,” என்றாள் நிறைமதி. சொன்ன பிறகுதான், எதைச் சொல்லச் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. சஷ்டிகாவுக்காகச் சொன்னோமா, அட்டவணைக்காகச் சொன்னோமா என்பதும் விளங்கவில்லை.

கருவி செய்தி வாசிப்பது போன்ற குரலில் தொடங்கியது.

“பழுப்புப் பசு, கௌரி. துயரம் இருந்ததா?”

“இல்லீங்க.”

“வெள்ளாட்டுக் கிடா, டேவிட். துயரம் இருந்ததா?”

“இல்லீங்க.”

பூனைகள் வந்தன, எருமைகள் வந்தன, ஒரு ஆமை வந்தது. கண் தெரியாத அந்தச் சீமை நாயும் வந்தது. அதற்கும் சஷ்டிகா இல்லை என்றாள். குரல் பிசகவில்லை. கேட்கக் கேட்க நிறைமதிக்கு ஏதோ ஒன்று தப்பாக நடப்பதாகத் தோன்றியது. நடப்பதோ அவளே கேட்டுக்கொண்டது.

“பெயரில்லாத நாய்க்குட்டி, சாலை விபத்து. துயரம் இருந்ததா?”

சஷ்டிகா கருவியின் பக்கம் திரும்பினாள்.

“அதுக்குப் பேரு இருந்துச்சுங்க.”

“பதில் புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்.”

தாவூத் கருவியை நிறுத்திவைத்தார். சஷ்டிகா அவரைப் பார்க்காமல் பேசினாள்.

“ரோட்ல கெடந்துச்சுன்னு ஆரோ கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. ஊசி வர்ற வரைக்கும் கூப்புட ஒரு பேரு வேணுமில்லீங்களா. நான்தான் வெச்சேன். ரெண்டு தடவ கூப்புட்டிருப்பேன். வால ஆட்டுச்சு.”

“அக்கா, ஒரே ஒரு சொல்லு,” என்றாள் நிறைமதி. எந்தச் சொல்லை எதிர்பார்த்து அப்படிச் சொன்னாள் என்று பின்னால் யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை.

தாவூத் கருவியை விடுவித்தார். அது அதே கேள்வியை அதே குரலில் கேட்டது.

“ஆமாங்க,” என்றாள் சஷ்டிகா. “இருந்துச்சு.”

மறுப்புரை ரத்தானது, புதிய அடிநிலை பதிவானது. சற்று நேரத்தில் அவள் பேண்ட் சிவந்தது. அவள் மேலங்கியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். தாவூத் விதிப்படி அவளுக்கு முன்னே நடந்தார். முன்கூடத்தைக் கடக்கும்போது கிழட்டு நாய் சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி அவளை மோந்தது. அவள் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, நீங்கதானே புடிப்பீங்க? ஆரோ அப்படித்தான் சொன்னாங்க,” என்றாள் நாயைக் கொண்டுவந்தவள்.

சஷ்டிகா நிற்காமல் வெளியே போனாள்.

கட்டடத்துக்குள் பச்சை எரிந்த ஆள் நிறைமதி மட்டும்தான். அவள் அதுவரை எந்த விலங்கையும் பிடித்ததில்லை. அட்டவணை போட்டிருக்கிறாள், அவ்வளவே. நாயை மேசைமேல் கிடத்தி, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அதன் விலாவின் இரு பக்கமும் வைத்தாள். நாய் நடுங்கியது.

“பேரு என்னங்க?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“ஜூலி.”

நிறைமதி கூப்பிட முயன்றாள். பெயர் முழுதாக வரவில்லை. இயந்திரக் கை இறங்கி, சட்டப்படி ஒரு கணம் காத்து நின்றது.

திறந்திருந்த சன்னலுக்கு வெளியே, கட்டடத்தின் எல்லை என்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்த இடத்துக்கு அப்பால், சஷ்டிகா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தாவூத் தன் பையின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“ஜூலி,” என்று வெளியிலிருந்து சஷ்டிகா கூப்பிட்டாள். “ஜூலிக் கண்ணு, இங்க பாரு சாமி.”

அப்படிக் கூப்பிடலாமா என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது நிறைமதிக்கு நினைவு வரவில்லை. நாயின் காது குரல் வந்த பக்கம் திரும்பியது. அவள் கைகளுக்கிடையில் நடுக்கம் மெல்ல அடங்கியது.