ரெண்டு நிமிஷம் பாத்துக்கோங்க

அந்தப் பூங்காவுக்கு அவள் முதல்முறை போனபோது நான் உடன் இல்லை. ஆனால் கூட இருந்தவர்களைவிட எனக்கு விவரம் அதிகம். பக்கத்து வீட்டுக்காரியான அவளை மூன்று தடவை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை சொன்னதை நம்பினால் நான் நானில்லை.

நாங்கள் அவளை நட்சத்திரம் என்போம், முதுகுக்குப் பின்னால்தான். அழகி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயது மகள் பட்டாணியைக் கையில் பிடித்துக்கொண்டு நகரத்தில் இருக்கும் குழந்தைகள் பூங்காக்களை ஒன்று விடாமல் போய்ப் பார்ப்பாள். வந்ததும் தாய்மார்களின் ஃபோன் குழுவில் இந்தப் பூங்காவுக்கு இத்தனை நட்சத்திரம் என்று எழுதிப் போடுவாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, சம்பளமும் கிடையாது. ஆனாலும் வேலை சுத்தம். சறுக்குமரம் சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பாள். ஊஞ்சல் சங்கிலியை உருவித் துரு பார்ப்பாள். மணலைக் கிளறிக் கண்ணாடித் துண்டு தேடுவாள். கேட் கொக்கி பிள்ளை கைக்கு எட்டுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எல்லாம் அவளுக்குக் கணக்கு. வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் புருஷன் காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருப்பான். அதற்கு நட்சத்திரம் கிடையாது.

அன்று சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் பின்னால், பயன்படாத தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு பூங்கா. எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம். புதையல் கிடைத்தவள் மாதிரி உள்ளே போயிருக்கிறாள்.

நிழல் நன்றாக இருந்தது. மணல் சலித்துப் போட்டது போல இருந்தது. சங்கிலியில் துரு இல்லை. தரையில் ஒரு மிட்டாய்க் காகிதம்கூட இல்லை. கூட்டமும் இல்லை. ஈரமண் வாசனையோடு லேசாகப் புளித்த பால் வாசனை மட்டும் இருந்ததாம். பிள்ளைகள் புழங்கும் இடம்தானே என்று விட்டுவிட்டாள்.

மரத்தடி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிற உடை, மடியில் கோர்த்த கைகள். பிள்ளையைக் கூட்டிவந்த யாரோ ஒரு தாய் என்று நட்சத்திரம் நினைத்தாள். கழிப்பறையைப் பார்த்தால் ஐந்து நட்சத்திரமும் முடிவாகிவிடும். பூங்காவில் தாய்மார் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெஞ்சில் யார் இருந்தாலும் அவர்தான் அந்த நேரத்துக்குப் பிள்ளைக்குச் சித்தி.

“பாப்பாவை ரெண்டு நிமிஷம் பாத்துக்கோங்க.”

“சரி.”

நட்சத்திரம் இதை ஃபோனில் எழுதிக்கொண்டே கேட்டாள். எழுதிக்கொண்டே நடந்தாள். திரும்பி வந்தபோது பட்டாணி பின்பக்க கேட்டருகே நின்றிருந்தது, வெளியே பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

மறுநாள் எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஏணிப்படியில் ஒரு பெரிய பையன் பட்டாணியை முழங்கையால் இடித்தான். அடுத்த நொடி அவன் ஏணியில் இல்லை. யாரோ காலரைப் பிடித்து மேலே தூக்கி வீசியது போலப் பத்தடி தள்ளிப் போய் விழுந்தான். தோள்பட்டை எலும்பு தோலுக்கடியில் குச்சிபோல் துருத்திக்கொண்டு நின்றது. வழுக்கிவிட்டான் என்றார்கள். ஏணியிலிருந்து வழுக்குகிறவன் மேல்நோக்கி எப்படிப் போவான் என்று நான் கேட்டேன். வாயை மூடச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நானே பார்த்தேன். எங்கள் கட்டடத்தின் கீழேதான் முடிவெட்டும் கடை. முடிவெட்டிக்கொள்கிற பிள்ளை அழுவதைப் பார்ப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. நட்சத்திரம் பட்டாணியைக் கூட்டிப் போனபோது கூடவே போனேன்.

“ஆடாம இரு ராஜாத்தி, மாமா அழகாக்கிவிடறேன்” என்று சொல்லி முடிவெட்டுகிறவர் பட்டாணியின் காதை மடக்கிப் பிடித்தார். கொஞ்சம் அழுத்திவிட்டார் போல. பிள்ளை வீறிட்டது.

கத்திரிக்கோல் அவர் கைக்குள்ளேயே திரும்பியது.

மெதுவாகத் திரும்பியது. அவர் விரல்கள் அதைத் தடுக்கப் போராடுவதைப் பார்த்தேன். நரம்பு புடைத்தது. முனை அவருடைய இன்னொரு உள்ளங்கையில் இறங்கி, புறங்கை வழியாக வெளியே வந்து, நாற்காலியின் மரக்கைப்பிடியில் குத்தி நின்றது. கண்ணாடி முழுக்க ரத்தம் தெறித்தது. பட்டாணியின் மேல் ஒரு துளி இல்லை. அழுகையை நிறுத்திவிட்டு, தலைக்கு மேலே வெறுங்காற்றைப் பார்த்துச் சிரித்தது.

கடைக்குள் புளித்த பால் வாசனை.

“அக்கா, எனக்குப் பயமா இருக்கு” என்றாள் நட்சத்திரம்.

“எனக்கு மட்டும் என்ன குளுகுளுன்னா இருக்கு?” என்றேன்.

புதன்கிழமை காலையில் சுவருக்கு அந்தப்பக்கம் தட்டு உடைந்தது. பட்டாணி சோற்றைத் தட்டிவிட்டிருக்கும். லிஃப்ட் மெக்கானிக் நல்லவன்தான், ஆனால் முன்கோபி.

“ஒரு அறை விட்டாத்தான் நீ அடங்குவ!” என்று அவன் கத்தியது கேட்டது.

அறை கேட்கவில்லை.

பச்சை மரக்கிளையை முறிப்பது போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு அவன் அலறல்.

என்னிடம் இருக்கும் மாற்றுச் சாவியால் திறந்து ஓடினேன். ஓங்கிய அவன் கை இன்னும் தலைக்கு மேலேயே நின்றிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி யாரோ முறுக்கிக்கொண்டிருந்தார்கள். தோல் வெடித்தது. எலும்பு வெளுப்பாக எட்டிப்பார்த்தது. அந்தக் கையோடு அவனை அப்படியே தூக்கி, ஏதோ ஒன்று சமையல் மேடையில் அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது அடியில் அவன் சத்தமும் நின்றுவிட்டது.

அறைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“அடிக்கக் கூடாது. அவ அம்மா வரட்டும்.”

தாழ்ந்த குரல். பிள்ளையைத் தூங்கவைக்கும்போது பேசுகிற குரல்.

அம்மா அங்கேதான் நின்றிருந்தாள். “பட்டாணி, வா” என்று பாய்ந்து பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். நெற்றியில் ஏதோ அறைந்தது. பின்னந்தலை கதவில் மோதிச் சரிந்தாள். உதடு கிழிந்து முன்பல் ஒன்று தரையில் உருண்டது.

“நீ யாரு?” என்றது குரல்.

ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோனது. கையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். மாமியார்க்காரி மருத்துவமனையில் மகனோடு இருந்துகொண்டாள். நட்சத்திரத்தைப் படிக்கட்டில் உட்காரவைத்து, வாய்க்கு ஈரத்துணி கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். போலீஸ் விசாரணையெல்லாம் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும்.

“சனிக்கிழமை பிள்ளைய யாருகிட்ட விட்ட?”

“பெஞ்சுல இருந்தவங்ககிட்ட.”

“யாரு அது?”

“தெரியலக்கா. பூங்காவுல எல்லாரும் அப்படித்தானே விடுவாங்க?”

“விடுவாங்க. திரும்பி வந்து, பாத்துக்கிட்டதுக்கு நன்றிங்க, கூட்டிட்டுப் போறேன்னும் சொல்லுவாங்க. நீ சொன்னியா?”

அவள் வாயிலிருந்த ஈரத்துணியை எடுத்தாள்.

“பஸ் வந்துடுச்சுக்கா.”

சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். ரெண்டு நிமிஷம் என்று வாங்கிக்கொண்டவள் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் விட்டால் அந்தப் பிள்ளையைத் தொட ஊரில் ஒரு கை மிஞ்சாது. பெற்றவள் கையும் சேர்த்து.

“எழுந்திரு. போய்ச் சொல்லிட்டு வருவோம்.”

பிள்ளையை இழுக்கவில்லை, தூக்கவில்லை. “ஊஞ்சலுக்குப் போலாமா கண்ணு?” என்று கெஞ்சினோம். அதுவாகவே முன்னால் நடந்தது. பஸ்ஸில் அதன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. ஒருவர் உட்காரப் போய், சுட்டது போல எழுந்துகொண்டார்.

நாலு மணி வெயில். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் தெருச் சத்தமெல்லாம் அறுந்துபோனது. பூங்கா அவள் சொன்னபடியே அத்தனை சுத்தம். பட்டாணி ஓடிப்போய்ச் சறுக்குமரத்தடியில் உட்கார்ந்துகொண்டது.

பெஞ்சில் அவள் இருந்தாள்.

முகம் சாதாரண முகம். வங்கி வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறவள் மாதிரி. கண் மட்டும் பிள்ளையைவிட்டு அசையவில்லை. நான் பார்த்தவரை இமைக்கவுமில்லை.

நட்சத்திரம் நேராகப் போய் எதிரே நின்றாள். “நான்தாங்க அம்மா. பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

பெஞ்சுக்காரி ஏறிட்டாள்.

“இல்ல” என்றாள்.

ஊஞ்சல் பலகை காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து நட்சத்திரத்தின் தாடையில் அடித்தது. சுருண்டு விழுந்தாள். எழுவதற்குள் மறுபடி வந்து விலாவில் அடித்தது. உள்ளே முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

“நான் பெத்த பிள்ளைங்க!”

சங்கிலி கம்பத்திலிருந்து கழன்று தரையில் ஊர்ந்தது. அவள் கழுத்தில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அப்படியே மேலே இழுத்தது. கால்கள் மணலைவிட்டு எழும்பின. முகம் கருத்தது. கண் பிதுங்கியது. நகங்கள் சங்கிலியைப் பிறாண்டிப் பிய்ந்தன.

பெஞ்சுக்காரி மடியில் கோர்த்த கையைப் பிரிக்கவேயில்லை.

“எல்லாரும் அம்மான்னுதான் சொல்றாங்க” என்றாள் என்னிடம், ரொம்ப அலுத்துப்போய். “யார நம்புறது?”

நியாயமான பேச்சு. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். கால் வரவில்லை. வாய்தான் வந்தது. அந்தச் சனிக்கிழமை இவள் ஒரு தடவையாவது தலையை நிமிர்த்தினாளா? ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஃபோனைப் பார்த்துக்கொண்டே போனாள். பெஞ்சுக்காரி பார்த்தது ஒரு முதுகை மட்டும்தான்.

“அடியே! அவ உன் மூஞ்சியப் பாத்ததே இல்லடி! திரும்பு! முதுகக் காட்டு! ஃபோன எடு!”

தொங்கிக்கொண்டிருந்தவள் காலை உதைத்து உடம்பைத் திருப்பினாள். பையிலிருந்து ஃபோனை உருவி, ரத்தம் ஒழுகும் விரலால் அதில் தட்டினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

சங்கிலி நின்று கொஞ்சம் தளர்ந்தது.

“பாப்பாவைப் பாத்துக்கிட்டதுக்கு...” மூச்சு விசிலடித்தது. “நன்றிங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

ஒரு இலை அசையவில்லை. பெஞ்சுக்காரி அந்த முதுகை மேலிருந்து கீழ்வரை அளந்து பார்த்தாள்.

“ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்க.”

“தப்புதாங்க.”

“எனக்கும் வேற வேலை இருக்குல்ல?”

“தப்புதாங்க. மன்னிச்சிருங்க.”

சங்கிலி அவிழ்ந்தது. மணலில் விழுந்தவள் தவழ்ந்தே போய்ப் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை எதுவும் அறையவில்லை. பட்டாணி தாயின் உடைந்த தாடையைத் தொட்டுப் பார்த்து, நாலு நாளில் முதல்முறையாகப் பயந்து அழுதது.

இருவரையும் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் நான் நடந்தேன். நேராகப் போயிருக்கலாம். பெஞ்சைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை திரும்பினேன். பார்க்காமல் போனால் எனக்குச் சோறு இறங்குமா?

அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்காப் பெஞ்சில் எல்லாத் தாய்மாரும் எல்லாத் தாய்மாரிடமும் கேட்கும் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“உங்க பிள்ளை எது?”

யார் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகிய வாய். சும்மா இருந்ததா?

“எனக்குப் பிள்ளைங்க இல்லைங்க.”

“அப்படியா?” பாவம் என்பது போலத் தலையைச் சாய்த்தாள். பிறகு காலியாக இருந்த சுற்று ராட்டினத்தைப் பார்த்தாள். அது மெதுவாக, பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. “இங்க நெறய பேரு விட்டுட்டுப் போயிட்டாங்க. யாருமே திரும்பி வரல. போகும்போது ஒண்ணக் கூட்டிட்டுப் போங்களேன்.”

நான் வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஓடினேன்.

நட்சத்திரத்தை மருத்துவமனையில் சேர்த்தேன். பட்டாணியை அதன் பாட்டியிடம் ஒப்படைத்தேன். “கூட்டிட்டு வந்துட்டேன், இனி நீங்க பாத்துக்கோங்க” என்று கண்ணைப் பார்த்து இரண்டு தடவை சொன்னேன். தனியாக நடந்து வந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது.

தனியாக என்று சொன்னேன். வழி முழுக்க என் இடதுகைச் சுண்டுவிரலை ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டு வந்தது. சில்லென்று, கொஞ்சம் பிசுபிசுப்பாக. உதறவில்லை. உதறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். விரலை விட்டுவிட்டு எனக்கு முன்னால் அது உள்ளே ஓடியது. கட்டில் கம்பி ஒருமுறை கிறீச்சிட்டது.

இன்றோடு பதினொரு நாள். என் வலதுகை இரண்டு இடத்தில் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. கட்டிலில் குதிக்காதே என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.