இறங்காத கடல்

ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்க வேண்டிய கடல், மணி ஆறாகப் போகிறது, இன்னும் இறங்கவில்லை. மலேசியாவில் கிள்ளானுக்குத் தெற்கே, செம்பனைத் தோட்டத்தைக் கடலிலிருந்து பிரிக்கும் மண் அணையில் பத்தொன்பது வருடமாக மதகை ஏற்றி இறக்குபவர் அய்யாவு. அளவுக்கம்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசிக் கோட்டையும் விழுங்கிவிட்டுத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. சேற்று நாற்றம் தொண்டையைப் பிடிக்க, நண்டுகள் கூட்டம் கூட்டமாக அணைமேல் ஏறி, அவர் செருப்பைச் சுரண்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடின.

போன மாதம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த பொறியாளர் ராதாகிருஷ்ணன், துருவத்தில் மிதக்கும் பனி குறையக் குறைய வெயில் கடலையே சுடுகிறது, நிலத்துப் பனியும் கரைந்து கடலில் சேர்கிறது என்றார். ஓர் அளவுவரை எல்லாம் தாங்கும், அதைத் தாண்டினால் ஒரேயடியாகப் போய்விடும், பழையபடி ஆகாது என்றும் சொன்னார். அய்யாவு தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இப்போது மதகுக்கடியில் கட்டை ஒன்று சிக்கி, மூடாத இடைவெளியில் கடல் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. அதை வெட்டியெடுக்க, மனைவி பவுனம்மாளின் தம்பி விஜயன் பாராங் கத்தியோடு கடல் பக்கத்து ஏணியில் இறங்கினான். கட்டை விலகியது. அதே நீரின் இழுப்பில் அவன் கால்களும் மதகுக்கடியில் போயின.

"கால் மாட்டிக்கிச்சு மச்சான். கதவ இறக்கிறாதீங்க லா."

அய்யாவு குனிந்து அவன் சட்டையைப் பற்றி இழுத்தார். சட்டை மட்டும் கிழிந்து வந்தது. பின்னால், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுப் படிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது வீடு. பிள்ளைகளின் அழுகை.

மதகை இறக்கும் சக்கரத்தைப் பிடித்தார்.

"உங்கக்கா வீட்டுக்குள்ளாற இருக்காடா விஜயா."

விஜயன் ஏணிப்படியை இறுகப் பிடித்தான். அவரையே பார்த்தான்.

சுற்றினார். இரும்பு முனகியது. அவன் அலறினான். சக்கரம் நின்றது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஒரு முறிவு. இன்னொன்று. அலறல் நின்றது. மதகு மூடிக்கொண்டது.

முப்பதடி தள்ளி அணை வாய் பிளந்தது.

பழுப்புத் தண்ணீர்ச் சுவர் ஒன்று. செம்பனைகள் சாய்ந்தன. லயத்தின் தகரக்கூரைகள் சுருண்டன. அப்புறம் கூரையும் இல்லை. குரலும் இல்லை.

மதகு மேடை மட்டும் மிஞ்சியது. அய்யாவு கீழே பார்த்தார். விஜயனின் கை ஏணிப்படியை விடவில்லை. ஒவ்வோர் அலைக்கும் முழங்கை மடங்கியது, நிமிர்ந்தது, மேலே ஏறி வருவதுபோல.