சாட்சித் துணி

வீட்டுக்காரம்மா சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளியதும் அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. அவளும் அண்ணியும் அண்ணியின் கொழுந்தனும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஃப்ரிட்ஜ்தாம்மா," என்றாள் அவள் அவசரமாக. "ஃபியூஸ் போயிடுச்சு. உள்ள இருந்ததெல்லாம் கெட்டுக் கெடக்கு. போலீஸ் மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டாங்க, வேற ஒண்ணும் இல்ல."

அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கொழுந்தன் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டிருந்தாள். இந்த மாடிப் போர்ஷனில் குடியிருந்தது அவளுடைய ஒரே தங்கை. தங்கையையும் தங்கை புருஷனையும் நாலைந்து நாளாகக் காணவில்லை. அவன் ஏசி மெக்கானிக். வெளியே பார்த்தால் பூனை மாதிரி சாதுவாக, அவசரமில்லாமல் நடப்பான், கதவைச் சாத்தினால் கை நீளும். புருஷன் பெண்டாட்டி எங்கேயாவது போயிருப்பார்கள், கோபம் தணிந்ததும் வந்துவிடுவார்கள் என்று போலீஸ் கையைக் கழுவிவிட்டது.

"இது வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி கெடந்துச்சு," என்று வீட்டுக்காரம்மா ஒரு மஞ்சள் துப்பட்டாவை நீட்டினாள். அதில் காய்ந்து கறுத்த ரத்தம் இருந்தது. தங்கையின் பிறந்தநாளுக்கு அண்ணியே வாங்கிக் கொடுத்த துப்பட்டா அது.

வீட்டுக்காரம்மா கீழே போனாள். கொழுந்தன் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து ஊர் வரைபடத்தை விரித்தான்.

காணாமல் போனவர்களைத் தேடித் தருவது இந்த இரண்டு பேருடைய பக்கத் தொழில். மேஸ்திரியான தன் கணவனின் பழைய பித்தளைத் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு, அண்ணி வரைபடத்தின்மேல் மெல்ல நகர்த்துவாள். இடது கையில் தேடப்படுகிறவரின் பொருள் ஒன்று இருக்க வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். ஆள் உயிரோடிருந்தால் அந்த இடத்தில் குண்டு வட்டம் போடும். செத்திருந்தால் நேர்கோட்டில் ஆடும். குண்டு எங்கே நின்றதென்று தெரியாதபடி கொழுந்தன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். அங்கே இருப்பதை இங்கிருந்தே பார்த்துச் சொல்வான். இரண்டும் பொருந்தினால் போய்த் தேடலாம்.

அவனுக்கு ஒரே ஒரு விதி. தெரிகிறது, கேட்கிறது என்றுதான் சொல்லலாம். போகிறேன், எடுக்கிறேன் என்று வினைச்சொல்லின் வால் மாறினால், பார்க்கப் போனவன் பார்க்கப்பட்டவனுக்குள் இறங்கிவிட்டான் என்று பொருள். உடனே முகத்தில் தண்ணீரை அடித்து எழுப்ப வேண்டும். அதற்காக ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

"போன தடவை மாதிரி குறட்டை விட்டுடாத."

"அது தியானம் அண்ணி. உங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை. "சொந்தக்காரங்களைத் தேடக் கூடாதும்பீங்களே, ஆசை கையை ஆட்டிடும்னு?" என்றான் தணிந்த குரலில்.

"வேற யார் தேடுவாங்க? கண்ணை மூடு."

துப்பட்டாவை இடது கையில் சுருட்டிப் பிடித்தாள். குண்டு கடைத்தெருவைத் தாண்டியது, பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. மேற்கே ஆற்றுப் பாலத்தின்மேல் வந்ததும் நூல் விறைத்தது. பிறகு குண்டு ஆடத் தொடங்கியது.

நேர்கோட்டில்.

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையை விலக்கி மறுபடி கொண்டுவந்தாள். மறுபடியும் அதே கோடுதான். என் செல்லமே, நான் இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்டி என்று மனசுக்குள் கதறினாள்.

"தண்ணி தெரியுது," என்றான் கொழுந்தன் சுவரைப் பார்த்தபடி. "மேல பாலம். கவுந்த பைக் தெரியுது. சேறு நாத்தம் அடிக்குது."

"அவளைப் பாரு."

"பொம்பள யாரும் இல்ல. ஒரு கை தெரியுது. கட்டை விரல்ல பல்லுத் தடம். நல்லா ஆழமா கடிச்சிருக்கா."

அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு வந்தது.

"ரத்தம் நிக்கல. அவ துப்பட்டாவை உருவித் துடைக்கிறேன்."

துடைக்கிறேன்.

அண்ணியின் கை சொம்பை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துப்பட்டா தங்கையுடையது, ரத்தம் தங்கையுடையது அல்ல. சாட்சி மாறிப்போயிருந்தது. பாலத்துக்கடியில் செத்துக் கிடப்பது மெக்கானிக். அப்படியானால் தங்கை உயிரோடிருக்கலாம். எங்கே என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவள் தண்ணீரை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

"அப்புறம்?" என்று கிசுகிசுத்தாள்.

"உள்ள தள்ளுறேன். இரும்புக் கதவு. தாழ் போடுறேன். கத்துறா. கத்தட்டும்."

"எந்தக் கதவு? எங்க இருக்கு?"

அறையில் சேற்று நாற்றம் வந்தது. கொழுந்தன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கடியில், காய்ந்த தரையில், தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அதை உன்கிட்ட எதுக்குச் சொல்லணும், குறிகாரி?"

அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான் இருந்தான்.

கொழுந்தன் எழுந்தான். இந்த வீட்டுக்கு அதற்கு முன் வந்தே இராதவன், நேராகப் போய் ஷூ அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்தான். அண்ணி சொம்பை வீசினாள். தண்ணீர் முகத்தில் பட்டுத் தெறித்தது. அவன் இமைகூட அசையவில்லை.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவள் காதுக்கே கேட்டது. தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். ஒரு தடவை அல்ல, விடாமல் மோதினான். வாயெல்லாம் உப்புக் கரித்தது. "உன் தங்கச்சியும் இப்படித்தான் துள்ளுவா," என்றது அந்தக் குரல். கொழுந்தனின் கண் இன்னும் மூடியே இருந்தது.

அவள் கண்மண் தெரியாமல் உதைத்தாள். அவன் தடுமாறிய நேரத்தில் மேஜைக்கடியில் புகுந்தாள். வரைபடமும் குண்டும் அவளோடு சேர்ந்து கீழே விழுந்தன. ஸ்பேனர் மேஜைப் பலகையைப் பிளந்தது. கீழிருந்து வீட்டுக்காரம்மா ஏதோ கத்திக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது.

உடைந்த தோளிலிருந்து ரத்தம் வழிந்து இடது உள்ளங்கையில் தேங்கியது. அண்ணி அதைப் பார்த்தாள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த ரத்தம். இதைவிட நல்ல சாட்சி வேறெங்கே கிடைக்கும்? கையை இறுக மூடிக்கொண்டாள். வலது கையால் நூலைத் தூக்கினாள். மேலே பலகை சில்லு சில்லாகத் தெறித்துக்கொண்டிருந்தது.

குண்டு கிழக்கே இழுத்தது. மூடிக்கிடந்த பழைய ஐஸ் ஃபேக்டரியின்மேல் போய் நின்றது. வட்டம் போட்டது.

அழகான, நிதானமான வட்டம்.

அவளுக்குள் எங்கிருந்து அத்தனை பலம் வந்ததோ, நூலை முறுக்கிச் சுழற்றிக்கொண்டே வெளியே பாய்ந்தாள். பித்தளைக் குண்டு கொழுந்தனின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. அவன் வெட்டிய மரமாகச் சாய்ந்தான். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தபோது, அவன் ரத்தத்துக்கு நடுவே கண் விழித்து, "அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு? யார் அடிச்சா?" என்று குழந்தை மாதிரி அழுதான்.

ஐஸ் ஃபேக்டரியின் குளிர் அறைப் பூட்டை அக்கம்பக்கத்தார் கடப்பாரையால் உடைத்தார்கள். துருப்பிடித்த குழாயில் கசிந்த நீரை நக்கி நக்கித் தங்கை உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். மறுநாள் பாலத்துக்கடியில் மெக்கானிக்கின் பிணத்தை எடுத்தார்கள். அவளைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு ஓடும்போதே பைக்கோடு விழுந்திருக்கிறான் என்றது போலீஸ்.

தங்கையை மீட்ட அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் அண்ணிக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கொழுந்தனுக்கு நெற்றியில் தையல் போட்டு எக்ஸ்ரேக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பாவம், அவன் என்ன செய்வான், ஆசைப்பட்டு விதியை மீறியது நான்தானே என்று அண்ணி தன்னையே நொந்துகொண்டாள். மாடிப் போர்ஷனில் நடந்ததை அவள் தங்கையிடம் சொல்லவில்லை. தங்கை மயக்க மருந்தில் அசந்து தூங்கினாள். நர்சுகள் வந்து போனார்கள், தள்ளுவண்டிகள் தடதடவென்று போயின, யாரோ தட்டைக் கீழே போட்டு உடைத்தார்கள். எதற்கும் அவள் அசையவில்லை. அண்ணிக்கு நிம்மதியாக இருந்தது.

தாழ்வாரக் கோடியில் ஒருவர் நடந்து வருவது கேட்டது. அவசரமில்லாத நடை.

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் போர்வையிலிருந்து மெல்ல எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டன. முழங்கால்கள் வயிற்றோடு ஒடுங்கின.

"தங்கச்சி எப்படி இருக்கா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே கொழுந்தன் உள்ளே வந்தான்.