சூடாக இருந்த பக்கம்

பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்த கையோடு குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொன்னார்கள். கொடைக்கானல் நாயுடுபுரத்தில், ரோட்டுக்குக் கீழே, பழைய ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஒரு பீரோ, என் கல்யாணத்துக்கு மாமனார் செய்துகொடுத்த தேக்குக் கட்டில், நான், மூவரும் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினோம். இரண்டு பேர் படுக்கிற கட்டில். என் மனைவி கித்தேரியம்மாள் செத்துச் சில வருஷம் ஆகியும் நான் வலது ஓரத்திலேயே படுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக் குளிரைச் சொன்னால் கீழே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். முதல் ராத்திரியே டம்ளரில் போட்டுவைத்த பல் செட் தண்ணீரோடு சேர்ந்து உறைந்துபோயிற்று. காலையில் அடுப்பில் வைத்து உருக்கிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது.

அது உறைந்ததை முழுக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூக்கம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இட்லி அவித்தவனுக்கு, இனி எழவேண்டியதில்லை என்றதும் தூங்குவது எப்படி என்பதே மறந்துவிட்டது. படுத்தால் நெஞ்சு படபடக்கும். எங்கேயோ அடுப்பு பற்றவைக்காமல் கிடப்பது போலவும், பிள்ளைகள் தட்டோடு நிற்பது போலவும் இருக்கும். சுடுபால் குடித்தேன். ஜெபமாலை உருட்டினேன். மூச்சை நிதானமாக இழுத்து விடும்படி டாக்டர் சொன்னார். இழுத்தேன். மூடுபனிதான் உள்ளே போயிற்று.

திண்டுக்கல்லில் இருக்கும் மகள் ஷைலா போனில் கெடு வைத்தாள்.

"கிறிஸ்மஸ்க்குள்ள ஒழுங்காத் தூங்கலேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு இங்க வந்துருங்கப்பா."

திண்டுக்கல் வெயில் எனக்கு ஆகாது. மலையை விட்டு இறங்கினால் அன்றோடு முடிந்தேன் என்று எனக்குத் தெரியும். எப்படியாவது தூங்கியாக வேண்டும்.

ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து, திரும்பி வந்து படுத்தேன். இடது பக்கத்தில் கை பட்டது.

சூடாக இருந்தது.

விரிப்பும் கம்பளியும் ஈரம் பிடித்துச் சில்லிட்டுக் கிடக்கிற வீடு அது. அதில் ஆள் படுத்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம். நனைந்த மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசனை.

கித்தேரிதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை. அவளுக்குப் பயப்பட வேண்டியதையெல்லாம் அவள் உயிரோடு இருந்தபோதே பயந்து முடித்திருந்தேன். சூட்டோடு ஒட்டிப் படுத்தேன். கோயில் மணி அடிக்கும்வரை தூங்கினேன்.

அடுத்த நாள் மத்தியானம்வரை தூங்கினேன். அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை படுத்து எழுந்தால் புதன்கிழமையாக இருந்தது. வாசலில் பால் பாக்கெட்டுகள் சேர்ந்து கிடந்தன. ஷைலாவிடம் நன்றாகத் தூங்குகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. நேரிலேயே வந்துவிட்டாள். மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி வந்தவள், சாப்பிட்டதும் கட்டிலின் இடது பக்கமாகச் சாய்ந்தாள். ஜன்னல் வழியே மஞ்சுப் பனி உள்ளே வந்து அறையை நிறைத்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நான் பலமுறை உலுக்கிய பிறகே கண்ணைத் திறந்தாள்.

"அம்மா பக்கத்துல படுத்திருந்த மாதிரியே இருந்துச்சுப்பா. அப்படி ஒரு சூடு," என்றாள். "நீங்க இங்கயே இருங்க. இனிமே நான் கூப்பிடல."

ஜெயித்துவிட்டேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

கித்தேரிக்கு உடம்பு சூடாக இருந்ததே இல்லை. ஐஸ்கட்டி மாதிரி இரண்டு பாதங்களை என் முதுகில் வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் படுத்த பக்கம் கோடையிலும் சில்லென்றிருக்கும்.

அப்படியென்றால் அது கித்தேரி இல்லை.

வீட்டுக்கு ஓடி இடது பக்கத்தைத் தொட்டேன். சில்லிட்டுக் கிடந்தது. பள்ளமும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை அமல் போன் செய்தான்.

"மாமா, நேத்து வந்து படுத்தவ இன்னும் எந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டு வெறும் அசதின்னுட்டாரு. சிரிச்சுக்கிட்டே தூங்குறா."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அவ பக்கத்துல கைய வைக்க முடியல மாமா. கொதிக்கிது."

மலையை விட்டு இறங்கவே மாட்டேன் என்றவன், அடுத்த பஸ்ஸில் இறங்கினேன்.

ஷைலா கட்டிலில் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் அறையில் மண்ணும் புகையும் மணத்தது. அவளுக்குப் பக்கத்தில், மெத்தையில், நீளமாக ஒரு பள்ளம்.

பள்ளம் மூச்சு விட்டது.

அமலை டீ வாங்க அனுப்பினேன். குனிந்து, அந்தப் பள்ளத்தின் காதருகே என்று நானாக நினைத்துக்கொண்ட இடத்தில் சொன்னேன்.

"எம் பிள்ளைய விட்டுரு. நான் மலைக்கே வர்றேன். எங்கயும் போக மாட்டேன்."

மெத்தை மெல்ல மேலெழும்பிச் சமமாயிற்று.

ஷைலா கண்ணைத் திறந்து, எப்பப்பா வந்தீங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

விடிந்ததும் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினேன். கிறிஸ்மஸ் கூட்டம். நிற்க இடமில்லை. என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வந்தது. ஒரு அம்மா உட்காரப் போய், சீட்டில் கையை ஊன்றியதும் சட்டென்று எடுத்துக்கொண்டு நின்றபடியே வந்தார். முழித்திருக்க எவ்வளவோ பார்த்தேன். வத்தலக்குண்டு தாண்டியது வரைதான் ஞாபகம்.

கண்டக்டர் தோளைத் தட்டினார். பஸ் ஸ்டாண்டில் வண்டி காலியாக நின்றது.

"எந்திரிங்க பெரியவரே, கொடைக்கானல் வந்தாச்சு. உங்ககூட வந்தவரு முன்னாடி ஸ்டாப்புலயே எறங்கிட்டாரு. தூங்கட்டும், எழுப்பாதீங்கன்னாரு. போயிப் படுக்கையப் போட்டு வைக்கிறாராம். உங்கள வெரசா வரச் சொன்னாரு."