ரிஸானா கையெழுத்துப் போட்ட காகிதம்

“இந்தத் தெருவுல இன்னொரு தடவ என்னத் தலைகுனிய வச்சிராத, பாதுஷா... சொல்லிட்டேன்!”

முன்னறையில் கணவரின் குரல் உயர்ந்ததும், அடுக்களையில் மஹ்பூபாவின் கையிலிருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. கல்லில் கிடந்த தோசை ஓரம் கருகிப் புகைந்தது. அவள் திருப்பவில்லை.

நியாஸ் அகமதுவுக்குக் கோபம் வருவது அபூர்வம். பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கிற மனிதர். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் குனிந்து அளவு பார்த்துவிட்டும் சிரித்த முகமாகத்தான் வீடு திரும்புவார். பாதுஷா அவருடைய தம்பி. கடையநல்லூரில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துச் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தார். கூடவே மகள் ரிஸானாவும் வந்திருந்தாள். கேட்டுக்கு உள்ளே, செருப்பைக் கழற்றாமல், ஒரு துணிப்பையோடு அவள் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள் மஹ்பூபா. மூன்று வருஷம் கழித்து இந்த வீட்டு வாசலை மிதித்திருக்கிறாள். ‘உள்ள வா’ என்று ஒருவரும் சொல்லவில்லை...

“ரெண்டே வாரம் அண்ணே. திங்கக்கிழம பரீட்ச ஆரம்பிக்கு. தடை முடிஞ்சு இப்பதான் ஹால் டிக்கெட் கையில வந்திருக்கு. தினமும் புளியங்குடி சுத்தி பஸ்ஸுல வந்தா நேரத்துக்கு வந்துசேர முடியாது. ஒரு மூலையில படுத்துக்குவா...”

“எந்த மூஞ்சியோட இங்கன இருப்பா? எதுத்த வீட்டு லிங்கேஷ் காலேஜ் ஆபீஸ்லதான் இருக்கான். அந்தக் கடைசி வீட்டுல வாத்தியாரு. பிட் அடிச்சு மாட்டுன பிள்ளைன்னு இந்தக் காலேஜ் நகர் பூரா தெரியும்லா!”

முன்னால் வைத்த டீயைப் பாதுஷா ஓரமாகத் தள்ளி வைத்தார்.

ஐயோ... இத்தனை காலமாக மஹ்பூபா பயந்துகொண்டிருந்த நாள் இதுதானே!

ரிஸானாவும் மஹ்பூபாவின் மகள் ஜுவைரியாவும் ஒரே வகுப்பு, பி.காம் கடைசி வருஷம். பெரியவாப்பா வீட்டிலிருந்து காலேஜ் நடக்கிற தூரம்தான் என்பதால் ரிஸானா இங்கேயே தங்கிப் படித்தாள். அந்த நவம்பர் மாதப் பரீட்சையில் இருவர் பெஞ்சுக்கும் நடுவே தரையில் கிடந்தது ஒரு மைக்ரோ ஜெராக்ஸ் துண்டு. அச்சு எழுத்து. யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இருவரையும் ஆபீஸ் வராண்டாவில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார்கள். நியாஸ் அன்று சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். மஹ்பூபாதான் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினாள்.

மகளின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தாய்க்குத் தெரிந்துவிட்டது. ஜுவைரியா உம்மாவின் கண்ணைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. பொண்ணு டிகிரி முடித்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

மஹ்பூபா ரிஸானாவைத்தான் கையைப் பிடித்துத் தூணுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள்.

“மக்கா... அது உன்னுதுன்னு சொல்லிரு. உனக்கு இப்பக் கல்யாணம் எதுவும் பேசலல்லா... ஒரு பேப்பர்தானே போவும்? அடுத்த தடவ எழுதிக்கிடலாம். உன் பெரியும்மா கேக்கேன் மக்கா! யாருட்டயும் சொல்லிராத... உன் வாப்பாட்டக் கூட!”

ரிஸானா ஜுவைரியாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“சரி பெரியும்மா.”

ஒரு வெள்ளைத் தாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஒரு பேப்பரோடு போகவில்லை. மூன்று வருஷம் எந்தப் பரீட்சையும் எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. செய்தி கேட்டு வந்த பாதுஷா, காலேஜ் விட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிற நேரத்தில், இதே தெருவின் நடுவில் வைத்து மகளை அறைந்தார். ‘உன்னப் படிக்க அனுப்புனதுக்கு என்னச் சொல்லணும்!’ என்று தலையில் அடித்துக்கொண்டார். ரிஸானா கன்னத்தைக் கூடத் தடவவில்லை. இந்த ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மஹ்பூபா திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஜுவைரியாவின் நிக்காஹ்வுக்கு அவள் வரவில்லை. ‘எந்த முகத்தோட வருவா?’ என்று சொந்தங்கள் பந்தியில் பேசியதை மஹ்பூபா கேட்டாள். கேட்டுக்கொண்டே பரிமாறினாள்.

அதற்குப் பிறகு நிம்மதி ஏது? மாடிப் போர்ஷனில் நாலு காலேஜ் பெண்பிள்ளைகளை வாடகைக்கு வைத்திருந்தார்கள். பரீட்சைக் காலத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து அவர்கள் சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் மஹ்பூபா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் துஆவுக்கு ஏந்திய கைகள் தானே கீழே இறங்கிவிடும். ‘இந்த மாசம் சொல்லிருவேன்... பெருநாள் முடியட்டும்... ஜுவைரியாவுக்குப் பிரசவம் ஆவட்டும்...’ இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது!

“உம்மா...”

திரும்பினாள். கைக்குழந்தையோடு ஜுவைரியா நின்றாள். ஒரு வாரம் தங்கிப் போக வந்தவள்.

“உம்மா, எதுவும் பேசிராதீங்க. எங்க மாமியாரு ஊரெல்லாம் படிச்ச மருமகன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க. அவுக காதுக்குப் போச்சுன்னா...”

“அவ செருப்பக் கூடக் கழத்தாம வாசல்ல நிக்கா! பாத்தியாட்டி?”

“பாத்தேன்...” ஜுவைரியா குழந்தையைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “என்னால அவளப் பாக்க முடியலம்மா...”

“என்னாலயும் முடியலட்டி. அதுக்காவ இன்னும் எத்தன வருசம் கதவச் சாத்திக்கிட்டு இருக்கது?”

அடுப்பை அணைத்தாள். முன்னறையில் பாதுஷா எழுந்துகொண்டிருந்தார்.

“சரி அண்ணே. நாங்க புறப்படுதோம். பஸ்டாண்டு பக்கம் எங்கயாவது பாக்கேன்.”

“இருங்க தம்பி!”

மஹ்பூபாவின் சத்தத்தில் இருவருமே அதிர்ந்து பார்த்தார்கள்.

“அந்தப் பிட்டு ரிஸானாவோடது இல்ல. ஜுவைரியாவோடது. இந்தப் பிள்ளைய தன்னுதுன்னு சொல்லச் சொன்னது நான்... நான்தான்! கையப் புடிச்சிக் கெஞ்சி எழுதி வாங்குனேன். என் மக கல்யாணம் நின்னுறக் கூடாதுன்னு உங்க மக படிப்ப நிறுத்துனேன் தம்பி!”

நியாஸ் அகமது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, “மஹ்பூபா... என்ன சொல்லுத நீ?” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பாதுஷா கேட்டை நோக்கி நடந்தார். மகளுக்கு முன்னால் போய் நின்றார்.

“ஏ பிள்ள... மைனி சொல்லுதது நெசமா?”

ரிஸானா தலையை மட்டும் ஆட்டினாள்.

“என்ட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மக்கா? நடுத்தெருவுல உன்ன...” அறைந்த கையை என்ன செய்வதென்று தெரியாதவர் போல மடக்கி மடக்கி விரித்தார். ரிஸானாதான் அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். “வாப்பா... அழாதீங்க வாப்பா...” என்று சொல்லிக்கொண்டே அவளும் உடைந்து அழுதாள்.

மஹ்பூபா அவர்களைக் கடந்து தெருவுக்கு வந்தாள். எதிர்வீட்டு லிங்கேஷ் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரம்மா கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். மாடிப் பிள்ளைகள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“லிங்கேஷ் தம்பி, கொஞ்சம் நில்லுங்க. ரிஸானா பிட் அடிச்சான்னு நீங்கல்லாம் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. அவ அடிக்கல. எங்க வீட்டுத் தப்ப அவ தலையில ஏத்துனது நான். இந்தத் தெருவுலதானே அவ அடி வாங்குனா? அதான் இந்தத் தெருவுல வந்து சொல்லுதேன்!”

லிங்கேஷ் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டார். ரிஸானாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குள் ஜுவைரியா குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுத் தன் கணவனுக்குப் போன் போட்டாள். பேசியது கொஞ்சம், அழுதது அதிகம். பிறகு வெளியே வந்து, ரிஸானாவின் எதிரில் நின்றாள்.

“அவருட்டச் சொல்லிட்டேன். காலேஜுக்கும் எழுதிக் குடுத்துருதேன் ரிஸானா. என் டிகிரிய அவங்க திருப்பி வாங்கிக்கிட்டாலும் பரவால்ல.”

“உன் டிகிரி போனா என் மூணு வருசம் திரும்பியா வரும்?” என்றாள் ரிஸானா. “நீ எழுதிக் குடுக்கதும் குடுக்காததும் உன் இஷ்டம். எனக்கு எங்க வாப்பாக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

மஹ்பூபா அவள் கையைத் தொட்டாள். “பெரியும்மாவ மன்னிச்சிருவியா மக்கா?”

ரிஸானா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை.

“கோவம் இல்லன்னு சொன்னாப் பொய்யாப் போவும் பெரியும்மா. நீங்க வருவீங்க, வாப்பாட்டச் சொல்லுவீங்கன்னு எத்தன நாளு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன் தெரியுமா? அப்புறம் பாக்கத விட்டுட்டேன்...”

அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். மஹ்பூபா அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ரிஸானா அந்த வீட்டுக்குள் தங்கவில்லை. மாடியில் இருந்த பிள்ளைகள் தங்கள் அறையில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். நியாஸ் அகமது தானே பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மனைவியோடு அவர் மூன்று நாள் பேசவில்லை. மஹ்பூபாவும் சமாதானம் கேட்கவில்லை. மூன்று வேளையும் சாப்பாட்டை மாடிப்படி ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும்.

திங்கட்கிழமை காலை ரிஸானா ஹால் டிக்கெட்டோடு தெருவில் இறங்கியபோது, மஹ்பூபாவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். ரிஸானா திரும்பிப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். காலேஜ் கேட்டில் வாட்ச்மேன், “அம்மா, உங்களுக்கு உள்ள அனுமதி இல்ல” என்றார். “தெரியும். நான் வெளியதான் நிப்பேன்” என்றாள் மஹ்பூபா.

மூன்று மணி நேரம் நின்றாள். தெருக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். சிலர் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கவில்லை.

பெல் அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கடைசியில் ரிஸானா வந்தாள். வெயிலில் வெந்து கறுத்து நின்ற பெரியும்மாவைப் பார்த்ததும் கேட்டருகில் நின்றுவிட்டாள்.

“பரீட்ச நல்லா எழுதுனியா மக்கா?” என்று கேட்பதற்குள் மஹ்பூபாவின் கண் நிறைந்துவிட்டது.

“எழுதுனேன்...” ரிஸானா அருகில் வந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். “மொதல்ல தண்ணியக் குடிங்க பெரியும்மா. நாளக்கழிச்சு அடுத்த பரீட்ச. அன்னைக்காவது ஒரு கொடையக் கொண்டுட்டு வாங்க.”

மஹ்பூபா பாட்டிலை வாங்கினாள். குடிக்க முடியவில்லை. அத்தனை பிள்ளைகள் பார்க்க, ரிஸானாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். கொஞ்சம் பொறுத்து ரிஸானாவின் கை மெல்ல உயர்ந்து பெரியும்மாவின் முதுகில் படிந்தது.